ஐந்து மைல் காற்று

போன ஜூனில் காற்று பன்னிரண்டு மைலுக்குக் குறையவில்லை.
எனக்குத் தெரியும். கொடிக்கம்பம் சொன்னது.
தபால் பெட்டியின் மூடி அடித்து அடித்துச் சொன்னது.
ஆனாலும் சனிக்கிழமை, ஆனாலும் விருந்து.
தம்பி வீட்டார் வந்திறங்குமுன்
புல்வெளியில் ஒரு மஞ்சள் பூ மிச்சமிருக்கக் கூடாதென்று
தெளித்தேன்.

ஒன்பதாம் நாள்
வேலிக்கு அப்பால் மார்னா லிண்ட்க்விஸ்டின் தக்காளிகள்
விரல் மடக்கத் தொடங்கின.
இலையெல்லாம் குழல். தண்டெல்லாம் முறுக்கு.

அவள் சண்டைக்கு வரவில்லை.
சுருண்ட இலை ஒன்றை
என் தபால் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனாள்,
மின்கட்டண உறையின் மேல்.
உறையைப் பிரித்தேன்.
இலையைப் பிரிக்க முடியவில்லை.

இது செப்டம்பர்.
மினசோட்டாவில் டேன்டலியன்
குளிர்காலத்துக்குக் கட்டுச்சோறு கட்டும் மாதம்.
இலையில் சேர்வதையெல்லாம் வேருக்கு இறக்கும்.
மருந்தும் அதோடு இறங்கும்,
சோற்றோடு சோறாக.

கொல்லும் விதம்தான் விசித்திரம்.
வெட்டாது, எரிக்காது.
வளர், இன்னும் வளர் என்று
செடியின் காதில் ஓதும்.
அகன்ற இலை அதை நம்பிவிடும்,
நிறுத்தத் தெரியாமல் வளர்ந்து
தன்னையே திருகிக்கொண்டு சாகும்.
புல்லோ அந்தப் பேச்சைக் காதில் வாங்குவதில்லை.
புல்லின் அந்தச் செவிட்டுத்தனத்தின் மேல்தான்
என் புல்வெளி நிற்கிறது.

தக்காளிக்கும் அகன்ற இலை.
போன வருடமும் அப்படித்தான்.

புட்டியில் ஒட்டிய தாளுக்கு ஏழு மடிப்பு.
வீட்டுக்கடன் பத்திரத்தைக்கூட
இப்படிப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்ததில்லை நான்.
உன் புல்லின் பெயர் இதில் இருக்கிறதா, பார்.
அளவைக் கூட்டாதே.
(கூட்டினால் இலை முந்திக் கருகும்,
வேருக்குச் சேதி போகாது.)
கையுறை. முழுக்கைச் சட்டை. மழை வரும் நாள் வேண்டாம்.
காற்றே அசையாத விடியலும் வேண்டாமாம்,
மருந்து பனிமூட்டமாய்த் தரையோடு தவழ்ந்து
யார் வீட்டுக்கும் போகும்.

படித்துவிட்டு, பதினைந்து மாதம் கழித்து,
அவள் கதவைத் தட்டினேன்.

"எப்போது?" என்றாள்.
"காற்று சரியாகும்போது."
உள்ளே போனவள் சிவப்புக் கம்பளி நூலோடு வந்தாள்.
வேலிக் கம்பியில் ஒரு முழம் கட்டினாள்.
"இது உன் வீட்டைப் பார்க்கும்போது தெளி, ஹால்வர்."

இரண்டு நாள் நூல் அவள் வீட்டையே பார்த்தது.
மூன்றாம் காலை, ஐந்து மைலில்,
தயங்கித் தயங்கி என் பக்கம் திரும்பியது.

நாயை உள்ளே பூட்டினேன்.
கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்தி
டில்லி என்னைக் குற்றவாளியாய்ப் பார்த்தது.
காயும்வரை பொறு, அம்மா.

வெளி முழுக்க இல்லை இந்தத் தடவை.
செடி செடியாய், குனிந்து குனிந்து,
முழங்கால் உயரத்தில் பெருந்துளியாய்.
மேற்கு மூலையில் க்ளோவர் இன்னும் வெள்ளையாய்ப் பூத்திருந்தது,
பின்தெரு டூ மௌவாவின் தேனீக்கள்
அதில் முழுநேர வேலையில்.
அந்த மூலையை அவைகளுக்கே விட்டேன்.
முதுகும் அதற்கு ஒத்துக்கொண்டது.

தெளிப்பானை மூன்று முறை அலசினேன்.
அலசிய நீரும் தெளித்த இடத்துக்கே.
தெருச் சாக்கடை நேரே ஏரிக்குப் போகிறது,
ஏரியில் யார் குளிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.
இந்த வருடம் வெட்டும் புல்
மார்னாவின் உரக்குழிக்கு இல்லை.
அதையும் சொல்லிவிட்டேன், கேட்குமுன்.

கடைசியாய் ஒன்று.
சரியாக வேலிக்கடியில்,
பாதி இலை எனக்கு, பாதி இலை அவளுக்கு.
புட்டியைப் பார்த்தேன். நூலைப் பார்த்தேன்.
கத்தியை எடுத்து மண்டியிட்டேன்.

நடுவில் முறிந்தது வேர்.
அந்தப் பக்கம் படியில் காப்பியோடு உட்கார்ந்திருந்தவள்
அந்தச் சத்தத்துக்குச் சிரித்துவிட்டாள்.
"வசந்தத்தில் வரும்" என்றாள்.
வரட்டும்.